வேலிக்கு அடங்காத புதினா

சாந்தம்மாளுக்கு வாய் கிடையாது என்று இடுக்கி மலையில் இருக்கும் சக்குபள்ளத்தில் சொல்வார்கள். உண்மைதான். கடைக்குப் போனால் வேண்டிய சாமானை விரலால் காட்டுவாள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில், கடைசி இலையில் உட்காருவாள். ஆனால் வாய்க்கும் சேர்த்து அவளுக்கு மூக்கு வாய்த்திருந்தது. அவள் கணவர் பாண்டித்துரை சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவர். அவர் ஜீப்பை மேட்டில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு இறங்கி வருவதற்குள், மத்தியானம் எந்தக் கடையில் பரோட்டா சாப்பிட்டார் என்பது இவளுக்குத் தெரிந்துவிடும். கேட்கமாட்டாள். சாயங்காலம் அவர் தட்டில் ஒரு கரண்டி சோறு குறையும், அவ்வளவுதான்.

அவள் பிறந்தது ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆறாம் வகுப்புக்கு இரண்டு மலை தாண்டிப் போக வேண்டும். வீட்டிலோ தொட்டிலில் ஒரு தம்பி இருந்தான். வளர்ந்த பிறகு அம்மாவுடன் காய் எடுக்கப் போனவள், முப்பது வருடம் குனிந்த முதுகை நிமிர்த்தவில்லை. ஏலச்செடியில் காய் தலைக்கு மேலே தொங்குவதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பும் காய்ச்சரம் தரையோடு தரையாகக் கிடக்கும். முகத்தை மண்ணுக்குக் கொண்டுபோனால்தான் காய் கண்ணில் படும்.

அந்தத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர் பெரியமுத்து. கையில் வளைந்த பிடி வைத்த குடை, காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். மடியில் ஒற்றைக் காயை ஒளித்து வைத்திருந்தாலும் மோப்பத்திலேயே பிடித்துவிடுவேன் என்று பெண்களிடம் பெருமை அடிப்பார். ஒருநாள் சாயங்காலம் காய் நிறுக்கும் இடத்தில் அவருடைய குடை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. சாந்தம்மாள் நான்கு பச்சைக் காய்களை நசுக்கி, அந்த மரப்பிடியில் நன்றாகத் தேய்த்துவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டாள். அடுத்த மூன்று நாளும் பெரியமுத்து எந்தப் பெண்ணின் அருகில் போனாலும் ஏலக்காய் மணந்தது. இருபத்திரண்டு பேரையும் முந்தானையை உதறச் சொன்னார். ஒன்றும் விழவில்லை. நான்காம் நாள் மானேஜர் அவரைக் கூப்பிட்டு, சளி பிடித்திருந்தால் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். இந்த விஷயம் இன்றுவரை பாண்டித்துரையைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்கும் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அதே பெரியமுத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சாந்தம்மாளின் பத்து சென்டுக்குப் பக்கத்திலேயே வீட்டோடு அரை ஏக்கர் வாங்கி ஏலம் போட்டார். நடுவில் சீமைக்கொன்னைக் கம்புகள் ஊன்றிய வேலி. அவர் நிலம் இவள் நிலத்தைவிட ஒரு முழம் மேடு. அங்கே ஊற்றினால் இங்கே வடியும்.

சாந்தம்மாளின் இடுப்பு போன பிறகுதான் புதினா வந்தது. இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காய் எடுக்கும் பெண்ணிடம் குனியாதே என்பதும் வேலைக்குப் போகாதே என்பதும் ஒன்றுதான். மேட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் டிஜோ, முற்றம் பெருக்கவும் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தான். பாண்டித்துரைதான் அவனிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார்.

முதல் வாரம் பெருக்கிக்கொண்டிருந்தபோது துடைப்பம் எதன்மேலோ உரசியது. எலுமிச்சை மணம் வந்தது. நிமிர்ந்து மரத்தைத் தேடினாள். எலுமிச்சை மரம் ஒன்றும் இல்லை. மலைச்சரிவில் வளரும் தைலப்புல்லும் எலுமிச்சை மணம் அடிக்கும்தான். ஆனால் அது மூக்கில் வந்து குத்தும். இது அப்படி இல்லை, பழத்தின் தோலை நகத்தால் கீறியது போல இருந்தது. மூக்கு காட்டிய வழியில் போனால் வரவேற்பறை வாசலில் ஒரு தொட்டி. இலையைப் பார்த்தால் புதினா, கசக்கினால் எலுமிச்சை. மூணாறு மலர்க் கண்காட்சியில் டிஜோ வாங்கி வந்து, தண்ணீர் ஊற்ற மறந்த செடி. பாதி காய்ந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றான். தூக்கிப் போடும் முன் மூன்று தண்டுகளை ஒடித்துத் தன் டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டாள். குப்பைக்குப் போக இருந்ததை எடுப்பது திருட்டாகாது. இருந்தாலும் மூடியை இரண்டு முறை அழுத்தி மூடினாள்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கியிருந்த நேரம். வேலியோரம் காலை வெயில் விழுகிற இடத்தில் நட்டாள். ஒரு மாதத்தில் பாய் விரித்தது போலப் படர்ந்தது. மண்ணுக்கடியில் வெள்ளை வெள்ளையாக வேர்க்கொடிகள் ஓடின. பக்கத்துக் கீரைப்பாத்தியில் ஒன்று தலைகாட்டியது, துவைக்கிற கல்லின் கீழே இன்னொன்று. அதிகமாய்ப் போனதைப் பிடுங்கினாள். பிடுங்கியதை என்ன செய்வது?

ஏலத்தோட்டத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வியே வராது. அங்கே வெட்டின களை, உரித்த சருகு எதையும் வெளியே கொண்டுபோவதில்லை. அப்படியே அள்ளி ஏலத்தூரைச் சுற்றிக் குவிப்பார்கள். ஈரம் காக்கும், மட்கினால் உரம். முப்பது வருடப் பழக்கம் கையில் இருந்தது. சாந்தம்மாளின் கை தானாகவே புதினாவை அள்ளி, வீட்டுக்குப் பின்னால் நின்ற ஏழு ஏலத்தூர்களுக்கும் அணைத்துவிட்டது.

பதினைந்தே நாளில் ஏழு தூரைச் சுற்றியும் புதினா எழுந்து நின்றது. தண்டில் எத்தனை கணு உண்டோ அத்தனையிலும் வேர். அவள் குவித்ததைக் குப்பை என்று புதினா நினைக்கவில்லை. படுக்கை என்று நினைத்துக்கொண்டது. ஓணத்துக்குள் கோழிக்கூடு வரை போய்விட்டது. கோழிகள் எலுமிச்சை மணத்தோடு திரிந்தன. இந்த வீட்டில் ரசத்துக்கு இனிப் புளியே வேண்டாம், கோழியை ஒரு முக்கு முக்கி எடுத்தால் போதும் என்றார் பாண்டித்துரை.

அந்த வருடம் முழுக்க சாந்தம்மாள் அந்தச் செடியோடு மல்லுக்கட்டினாள். எந்தெந்த வழியில் அது ஏமாற்றுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வெயில் நாளில் பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும், வேர் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். மழை விட்டதும் பிடுங்கினால்தான் முழுசாக வரும். பிடுங்கியதை மண்ணில் போடக் கூடாது. தகரக் கூரைமேல் போட்டு, கையில் எடுத்தால் நொறுங்கும் வரை காய விட வேண்டும். பூ எடுக்கிற தண்டை விதை விழுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அதைச் சிறையில் வைக்க வேண்டும். பழைய பெயின்ட் வாளிகளுக்கு அடிப்பாகத்தை அறுத்தெடுத்து, விளிம்பு இரண்டு விரல் வெளியே தெரிய மண்ணில் புதைத்தாள். வாளிக்குள் புதினா. பாத்தி நீளத்தில் பத்தடி, அகலத்தில் நாலடி, எட்டு வாளிகள். வேர் கீழே இறங்கலாம், பக்கத்தில் ஓட முடியாது.

ஒருநாள் ஹோம்ஸ்டேயில் விருந்தினர் லெமன் டீ கேட்டார்கள். சமையலறையில் எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது. டிஜோ தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, சாந்தம்மாள் துடைப்பத்தை வைத்துவிட்டு இறங்கிப் போய் ஒரு கைப்பிடி இலையோடு திரும்பினாள். குடித்தவர்கள் இன்னொரு கிளாஸ் கேட்டார்கள்; அப்புறம் அந்தச் செடியையே காட்டச் சொன்னார்கள். அன்று ஆரம்பித்ததுதான். விருந்தினர் வந்தால் சாந்தம்மாள் அவர்களைத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போவாள். பேசமாட்டாள். ஒவ்வொரு செடியிலும் ஒரு இலையைக் கசக்கி, அவர்கள் மூக்குக்கு நேராக நீட்டுவாள். தைலப்புல், மிளகு இலை, ஏல இலை, கடைசியில் எலுமிச்சைப் புதினா. நெடுநெடுவென்று வளர்ந்த வெளியூர்க்காரர்கள் கைகட்டிக் குனிந்து அவள் விரலை முகர்ந்தார்கள்.

"சேச்சி ஒண்ணும் பேச வேண்டாம். பேசாம இருக்கறதாணு இவங்களுக்கு இஷ்டம்" என்றான் டிஜோ, மலையாளம் கலந்த தமிழில். முற்றம் பெருக்க வேறு ஆளைப் போட்டுவிட்டு, இவளுக்கு டீயும் தோட்டமும் மட்டும் போதும் என்று வைத்துவிட்டான். அவனுடைய முற்றம் பாறை. அங்கே புதினா பிழைக்கவில்லை. இலை முழுக்க சாந்தம்மாளின் வேலியோரத்துப் பாத்தியிலிருந்துதான் போனது. அந்தப் பாத்தி இருக்கிறவரைக்கும் அவளுக்கு நிமிர்ந்து நிற்கிற வேலை. அது போனால் மறுபடியும் மலைச்சரிவில் குனிய வேண்டியதுதான். குனிய இடுப்பு இல்லை. இது அவளுக்குத் தெரியும், பாண்டித்துரைக்கும் தெரியும்.

போன வருடம் ஜூன் மாதம் ஒரு காலையில் பெரியமுத்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டையைச் செருமினார். கையில் ஒரு வெள்ளை வேர்க்கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார், செத்த பாம்பைப் பிடித்திருப்பது போல.

வாளி வைப்பதற்கு முன்னாலேயே தப்பிப்போன ஒரு கொடி, வேலியின் அடியில் புகுந்து, அவருடைய முதல் வரிசை ஏலத்துக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் ஒரு கட்டில் அளவுக்குப் படர்ந்துவிட்டிருந்தது. சாந்தம்மாளுக்கு அது முன்பே தெரியும். நாலைந்து நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்தவர் நிலத்தில் கை வைக்கவும் கூச்சம், வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம்.

நானே வந்து வேரோடு பிடுங்கித் தருகிறேன் என்றாள். அது அவளுக்கு நீளமான வாக்கியம். பெரியமுத்து கேட்கவில்லை. இவள் பிடுங்கினால் பாதி வேரை விட்டுவிட்டுப் போவாள் என்று அவருக்குச் சந்தேகம். இருபத்தெட்டு வருடம் ஆள் வைத்து வேலை வாங்கியவருக்கு, களை எடுப்பதைக் காய் எடுத்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

"ஏத்தா சாந்தம்மா, ஒரு வார்த்தைதான். நாளைக்கு என் ஆளுகள விட்டுப் புடுங்குறேன். அதுக்கப்புறம் ஒத்த எல இந்தப் பக்கம் மொளச்சாலும், வேலி நீளத்துக்கும் மருந்து அடிச்சுருவேன்."

களைக்கொல்லி மருந்து கம்பம் டவுனிலிருந்து வாங்கி வந்து தயாராக இருப்பதாகவும் சொன்னார். மேட்டில் அடித்தால் பள்ளத்தில் வடியும். பாத்தி கருகாமல் தப்பினாலும் மருந்து பட்ட இலையை விருந்தினருக்குக் கொடுக்க முடியாது. டிஜோ கேள்விப்பட்டாலே போதும். பாண்டித்துரை சாயங்காலம் பெரியமுத்துவைப் பார்த்துப் பேசப் போனார். ஒரு மணி நேரம் அவருடைய ஏலத்தைப் புகழ்ந்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பி வந்தார். அந்த மனிதர் பேசவே விடவில்லை என்றார். காபி நன்றாக இருந்ததாம்.

மறுநாள் நாலு பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி பெயர் இந்து, சாந்தம்மாளோடு ஒரே வரிசையில் காய் எடுத்தவள், வாயாடி. மழை தூறிக்கொண்டிருந்தது. பெரியமுத்து குடை பிடித்து நின்று பிடுங்கச் சொன்னார், பெண்கள் பிடுங்கினார்கள். கட்டில் அளவு புதினா ஒரு மணி நேரத்தில் நான்கு பெரிய குவியலாகிவிட்டது. சாந்தம்மாள் வேலிக்கு இந்தப் பக்கம், வாளிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பெரியமுத்து குடையை நீட்டி ஏல வரிசைகளைக் காட்டினார். பெண்கள் குவியலை அள்ளினார்கள். முதல் தூருக்கு ஒரு அணை, இரண்டாவது தூருக்கு ஒரு அணை. அள்ளி அணைத்துக் காலால் மிதித்துவிட்டு அடுத்த தூர். அரை ஏக்கருக்கும் போதாது என்பதால், வீணாக்காமல் எல்லாத் தூருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும்படி சொல்லிக்கொண்டே வந்தார். ஈரமண், நிழல், தூறல். புதினாவுக்கு மாப்பிள்ளை வீட்டு மரியாதை.

சாந்தம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள். வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அத அங்கன" என்று ஆரம்பித்தாள்.

"நீ பேசாத தாயி" என்றார் பெரியமுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல். "வேலை நடக்குற எடத்துல வேலிக்கு வெளிய நின்னு பேசுனா ஆளுக கை நின்னு போகும்."

சாந்தம்மாள் பேசவில்லை. வாழ்க்கையில் பேசாதே என்று சொல்லப்பட்ட இடத்தில் அவள் பேசியதே இல்லை. உள்ளே போய் அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள். முளைக்கத்தான் போகிறது. ஒற்றை இலைக்கே மருந்து என்றவர், அரை ஏக்கர் முளைத்தால் என்ன செய்வார்?

இரண்டு நாள் அந்தப் பயத்தோடேயே நடமாடினாள். மூன்றாம் நாள் ஹோம்ஸ்டே சமையலறையில் டீ கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்குப் புத்தியில் உறைத்தது. வேலியோரத்து வெற்றிடத்தில் மருந்து அடிக்கலாம், தடுக்க ஆள் இல்லை. ஏலத்தூரைச் சுற்றி அடிக்க முடியுமா? களைக்கொல்லிக்கு எது களை, எது ஏலம் என்று தெரியாது. தூரில் பட்டால் புதுக்குருத்து வெளுக்கும், தரையில் கிடக்கும் சரம் கருகும். வருடத்துக் காய் போய்விடும். புதினா போய் நின்றுகொண்ட இடம் அப்படிப்பட்ட இடம். அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும் பெரியமுத்துவேதான். இனி அதை ஒழிக்க, ஒழிக்கத் தெரிந்தவளைத்தான் அவர் கேட்க வேண்டும்.

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. என்ன சிரிப்பு சேச்சி என்று கேட்டான் டிஜோ. ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலிப்பக்கம் போய் நின்று மூக்கை உயர்த்துவாள். பத்தாம் நாள் ஒரு கீற்று வந்தது. பதினைந்தாம் நாள் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தபோது சந்தேகமே இல்லை. பெரியமுத்துவுக்கு அந்த மாதம் மகள் வீட்டில் விசேஷம். போடிநாயக்கனூர் பக்கம் போய்விட்டார். மழைக்காலத்தில் ஏலத்துக்குள் எட்டிப் பார்க்க அவர் வீட்டில் வேறு ஆளும் இல்லை. புதினாவைத் தட்டிக் கேட்க யாரும் இல்லாமல் ஐந்து வாரம் போனது.

ஆகஸ்டில் திரும்பி வந்தவர் முதலில் வேலியோரத்தைத்தான் பார்த்தார். வெற்றிடத்தில் பதினேழு தளிர். எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய், மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். பாண்டித்துரை ஜீப்பில் சவாரி போயிருந்தார். சாந்தம்மாள் பாத்தியில் இலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன்ல" என்றார். டேங்கின் பம்பை நாலு முறை அடித்து அழுத்தம் ஏற்றினார்.

சாந்தம்மாள் கிள்ளிய இலையை மடியில் போட்டாள். எழுந்து வேலியருகே வந்தாள். தெளிக்கும் குழாயின் முனை ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"அண்ணே, இங்கன அடிக்கிறதுக்கு முன்னாடி ஒங்க மூணாவது வரிசைய ஒருக்காப் பாத்துட்டு வாங்க."

"அங்க என்ன?"

"பாத்துட்டு வாங்கண்ணே. நான் இங்கனயே நிக்கிறேன்."

அவள் இத்தனை வார்த்தை பேசியதே அவருக்கு ஆச்சரியம். டேங்கோடு உள்ளே போனார். ஏல இலைகள் அவரை மூடிக்கொண்டன. கொஞ்ச நேரம் பூட்ஸ் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிக் கேட்டது, அங்கேயும் நின்றது. சாந்தம்மாள் சத்தத்தை வைத்து அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று கணக்குப் போட்டாள். ஐந்தாவது வரிசையில் ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. கடைசி வரிசையில் சத்தமே இல்லை.

திரும்பி வந்தபோது டேங்க் முதுகில் இல்லை. பூட்ஸில் முழங்கால் வரை எலுமிச்சை மணந்தது.

"ராவோட ராவா நீதான வந்து நட்ட?"

"நான் நடலண்ணே. இந்துவக் கேளுங்க. நாலு பேரு நட்டாக, நீங்க கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னீக."

பெரியமுத்துவின் முகம் மெதுவாக மாறியது. குவியல், அணை, மிதி, அடுத்த தூர் என்று ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வருவதை அவர் முகத்திலேயே அவள் பார்த்தாள்.

"நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன?"

"நின்னேன்."

"மொளைக்கும்னு தெரியுமா?"

"தெரியும். எனக்கும் ஒருதடவ இப்பிடித்தான் ஆச்சு."

"ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன தாயி?"

"சொல்ல வந்தேன். பேசாதன்னுட்டீகளே" என்றாள் சாந்தம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டு. தரையைப் பார்த்தது வெட்கத்தால் என்று அவர் நினைத்திருக்கலாம். உதட்டுச் சிரிப்பை மறைக்கவும் தரையைப் பார்க்கலாம்.

பெரியமுத்து சீமைக்கொன்னைக் கம்பில் சாய்ந்துகொண்டார். இன்னும் இரண்டு வாரத்தில் காய் எடுப்பு. சரமெல்லாம் புதினாவுக்குள் புதைந்து கிடக்கிறது. எந்த ஆள் வந்து துழாவி எடுப்பாள்? மருந்தும் அடிக்க முடியாது. வேறு யாரிடமோ கேட்பது போல வேலிக் கம்பிடம் கேட்டார், இதை எப்படித்தான் ஒழிப்பது என்று.

அப்போது சாந்தம்மாள் பேசினாள். பாண்டித்துரை பின்னால் எத்தனை முறை கேட்டும் அவளால் அதை முழுசாகத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அத்தனை நீளம். மழை விட்ட மறுநாள் பிடுங்க வேண்டும். இந்துவையும் மற்ற மூன்று பேரையும் வரச் சொல்லுங்கள், எப்படிப் பிடுங்குவது என்று நான் காட்டித் தருகிறேன். ஒரு கணுகூட மண்ணில் விழக் கூடாது, சாக்கில்தான் போட வேண்டும். சாக்குகள் எல்லாம் என் வீட்டுக் கூரைக்கு வரும். மூன்று மாதத்துக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் வந்து பார்ப்பேன். நடுவில் வேலி நீளத்துக்கும் தகரத் தகடு ஒரு முழ ஆழத்தில் புதைக்க வேண்டும். அது உங்கள் செலவு. மருந்து டேங்க் இந்தப் பக்கம் எந்தக் காலத்திலும் வரக் கூடாது.

"தகரம் ஏன் ஏஞ் செலவு? செடி ஒன்னோடது."

"பதினேழு என்னோடது. மத்ததெல்லாம் ஒங்க தோட்டத்துல வெளஞ்சது" என்றாள். "நாளைக்கு அது எம் பக்கம் வந்தா, நான் ஒங்ககிட்டத்தான் சொல்லணும்."

பெரியமுத்து அவளைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் தனக்குக் கீழே குனிந்து நின்ற நூறு பெண்களில் இவளை ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிறகு தகரம் எத்தனை அடி வேண்டும் என்று கேட்டார்.

பிடுங்குவதற்கு ஐந்து நாள் ஆனது. இடுப்புக் காரணமாக சாந்தம்மாள் குனியவில்லை. வரிசைக்கு வரிசை நின்று, விட்டுப்போன இடத்தை மூக்கால் கண்டுபிடித்து விரலால் காட்டினாள். சூப்பர்வைசர் அம்மாவுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுங்கள் என்று இந்து பெரியமுத்துவிடம் கேட்டாள். அவர் கேட்காதது போல இருந்துவிட்டார். பதினொரு சாக்கு வந்தது. கூரையில் காய்ந்ததை டிஜோ கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, ஹோம்ஸ்டே மேசையில் வரிசையாக வைத்தான். எந்தத் தோட்டத்து இலை என்று விருந்தினர் கேட்டால், பக்கத்திலேயே, ஒரு பெரிய ஏல முதலாளியின் தோட்டம் என்று சொல்லச் சொல்லியிருந்தாள் சாந்தம்மாள். ஒரு முறை பெரியமுத்து அங்கே இருக்கும்போதே அப்படிச் சொன்னார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

தகரமும் புதைத்தாயிற்று. மண்ணுக்கு மேலே நாலு விரல் விளிம்பு தெரிகிறது. தினமும் காலை ஏழு மணிக்குப் பெரியமுத்து தன் நிலத்துப் பக்கமாக நடந்து, கம்பு நுனியால் தரையைக் கிளறிக்கொண்டே கடைசிவரை போய்த் திரும்புவார். ஏதாவது தளிர் தகரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தால் வழக்கைத் திறக்கக் காத்திருக்கிறார்.

சாந்தம்மாள் ஆறரைக்கே வந்துவிடுவாள். நேற்று இரண்டு கொடிகள் விளிம்பின்மேல் ஏறித் தலையை அந்தப் பக்கம் நீட்டியிருந்தன. இரண்டையும் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டாள். மூன்றாவதாக ஒன்று, வேலிக்கு அந்தப் பக்கம், பெரியமுத்துவின் சமையலறைத் தண்ணீர் வடிகிற ஓரத்தில், கல்லுக்குப் பின்னால், நாலு இலையோடு நின்றது. யாரோ அதற்கு ஒரு உடைந்த சட்டியைச் சுற்றிப் புதைத்து, காலையிலேயே தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். மண் ஈரமாக இருந்தது. பக்கத்தில் ரப்பர் பூட்ஸின் தடம்.

அவள் அந்தத் தடத்தைப் பார்த்தாள். ஏழு மணிக்கு அவர் வந்து கம்பை ஊன்றி நின்று, என்ன தாயி ஏதும் தாண்டியிருக்கா என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.